வெட்டாமல் அனுப்பியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஏறக்குறைய முக்கால் மணி நேர ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தின் தண்ணீர்ப் பானையைச் சன்னலோரத்திலிருந்து கதவோரத்துக்கு மாற்றுவது என்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. எதிர்த்தவர்கள் இருவரும் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்கள். பானையின் வயது, சன்னல் வழியே வரும் தூசி, கதவு திறக்கும் திசை ஆகியவை விரிவாகப் பேசப்பட்டன. டம்ளரை எங்கே வைப்பது என்பது மட்டும் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. முடிவை நிறைவேற்ற நானும் புண்ணுக்குக் கட்டுப் போடும் ஜபார் பாயும் ஆளுக்கொரு பக்கம் பானையைப் பிடித்துத் தூக்கியபோது ஃபோன் அடித்தது. பானையை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய் எடுத்தேன்.

சேலத்திலிருந்து டாக்டர் சவரிமுத்துவின் மகள் பேசினார். "அப்பா காலையில போயிட்டாருங்க. காப்பி கேட்டாரு, கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு. உங்களுக்கும் ஜபார் அண்ணனுக்கும் மொதல்ல சொல்லச் சொல்லி எழுதி வச்சிருந்தாருங்க."

பானை அன்று சாயங்காலம் வரை நடுவழியிலேயே இருந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் சவரிமுத்து தருமபுரி மாவட்டத்தின் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியான எங்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் சர்ஜனாக இருந்து, இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சர்ஜன் இறந்தால் அவர் எத்தனை பேரை வெட்டிப் பிழைக்கவைத்தார் என்று எழுதுவது வழக்கம். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் வெட்டாமல் அனுப்பிய ஒருவரைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவர் இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அரசு ஊழியனுக்கு அது இயல்பாக வருவது.

அவருடைய வேலை முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். இடுப்புக்குக் கீழே எதுவாக இருந்தாலும், முதுகுவலியோ கால்வலியோ, அவர் நோயாளியைப் படுக்கவைத்து இரண்டு கைகளையும் அடிவயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார். "சாருக்குச் சாமி வந்துடுச்சு" என்பார் ஜபார் பாய். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பார். ஒருவரையும் விட்டதில்லை. தாசில்தாரை விடவில்லை. கால்வலி என்று வந்த ஒரு கட்சிக்காரரையும் விடவில்லை. அவர் மறுநாளே வேறு ஊரில் குணமாகிவிட்டார். இண்டூர்ப் பக்கம் டாக்டருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. இரங்கல் கட்டுரையில் அதை எழுத முடியாது. அவருக்கும் அது தெரியும். "வெட்டறதுக்கு எப்பவும் நேரம் இருக்குதுங்க. தொட்டுப் பாக்கறதுக்குத்தான் நேரமில்லேங்கறோம்" என்பார், கை கழுவிக்கொண்டே.

மாதையன் வந்தது ஒரு புதன்கிழமை. நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் டிரைவர், பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆள். ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. பீடி பிடித்துப் பிடித்து நெஞ்சில் விசில் ஊதும். இடது கால் பின்பக்கமாக இழுத்து வலிக்கிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வந்தார். அன்று டாக்டர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் இடது அடிவயிற்றின் ஆழத்தில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே சீழ் கோத்திருக்கிறது, காலையில் கீறி எடுத்துவிடலாம் என்று எழுதினார். அந்தத் தப்பு யாருக்கும் வரக்கூடியது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது சீழ்தான்.

மறுநாள் காலை ஜபார் பாய் கத்தி, பஞ்சு எல்லாம் எடுத்துவைத்துவிட்டார். டாக்டர் வந்தார். வழக்கம்போல இரண்டு கையையும் வைத்தார். கண்ணைத் திறந்தவர் கையுறை கேட்டார். மாதையன் அதற்குள் வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். ஜபார் பாய் மறித்துக்கொண்டார்.

"எங்கய்யா போறே?"

"காலு வலிக்குதுன்னு வந்தா காலப் பாக்கோணுமா இல்லீங்களா? இவரு பாக்கற எடமே வேறயா இருக்குதுங்க."

"பத்து டன்னு ரோலரு ஓட்டறவன் நீ. ஒத்த வெரலுக்கு ஓடறியே, ஊருல தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?"

"எனக்குப் பேத்தி இருக்குதுங்க பாய்."

"அப்பப் பேத்திக்கு மாப்ள வர மாட்டான். வா, படு."

டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். அன்று வழக்கத்தைவிட நேரம் அதிகம் எடுத்துக்கொண்டார். பிறகு கையுறையைக் கழற்றி, தட்டிலிருந்த கத்தியைத் தானே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். இளம் டாக்டரைக் கூப்பிட்டு, "நீங்களும் வச்சுப் பாருங்க" என்றார். அவர் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அடிக்குது சார்."

"அடிக்குதில்ல? நாடி மாதிரியே அடிக்குது. இதுல கத்தி வச்சிருந்தா, நாம பஞ்சு எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

அவர் இளம் டாக்டரைத் திட்டவில்லை. அன்றைக்கும் திட்டவில்லை, பிறகும் திட்டவில்லை. அந்த இளைஞர் இன்று சேலத்தில் பெயர் பெற்ற டாக்டர். எல்லோரையும் விரல் விட்டுப் பார்க்கிறாராம்.

மாதையனுக்கு டாக்டர் நோயை விளக்கியது எனக்கு நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி குமாஸ்தா என்ற முறையில், சென்னைக்கு அனுப்பும் சீட்டு எழுத நான் பக்கத்தில் இருந்தேன். "சைக்கிள் டயரு கிழிஞ்ச எடத்துல டியூபு பொடைச்சுக்கிட்டு வரும், பாத்திருக்கியா? அந்த மாதிரி உன் இடுப்புக்குள்ள போற ரத்தக்கொழாய் ஒண்ணு பொடைச்சிருக்குது. கோழி முட்டையவிடப் பெருசு. அது பக்கத்து நரம்ப அமுக்கறதாலதான் காலு வலிக்குது."

"டியூபு வெடிச்சா?"

"வெடிச்சா நீ இங்க வர வேண்டியதில்ல."

மாதையன், "அப்ப ரோலரு ஓட்டக்கூடாதுங்களா?" என்றார். அவருடைய கவலை அதுதான்.

சென்னையின் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டிவிடுவது என்று தீர்மானித்தார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் மாதையனின் நெஞ்சைக் கேட்டுவிட்டு, இந்த ஆளைத் தூங்கவைத்தால் எழுப்ப முடியாது என்று எழுதினார். ஒரு டாக்டர் வெட்ட வேண்டும் என்றார், இன்னொருவர் வெட்டினால் போய்விடுவார் என்றார். கோப்பு இருவருக்கும் நடுவில் மூன்று வாரம் நடந்தது. மாதையன் வராந்தாவில் பாயில் படுத்திருந்தார். வீட்டுக்கு ஒரு கார்டு போட்டார்: நான் சௌக்கியம், இங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை.

மாதையனின் மனைவி மாதம்மா அந்தக் கார்டை டாக்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார். வெளிநாட்டில் இருந்த அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் படித்து முடித்த மருத்துவப் பத்திரிகைகளை வருடத்துக்கு ஒருமுறை மூட்டையாகக் கட்டிக் கப்பலில் அனுப்புவார். மூட்டை வந்து சேரும்போது எல்லா வைத்தியமும் இரண்டு வயது ஆகியிருக்கும். எங்களுக்கு அது புதிதுதான். டாக்டர் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தேடி, ஒரு கட்டுரையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னை பஸ் ஏறினார். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதியிருந்தார்.

அங்கே அவருக்கு நாற்காலி யாரும் போடவில்லை. தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் சென்னையில் நோயாளியின் உறவினர் மாதிரிதான். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எக்ஸ்ரே பிரிவில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த ஓர் இளைஞரைப் பிடித்தார். அந்த இளைஞரிடம் கட்டுரையில் சொல்லியிருந்த வைத்தியத்துக்கான சாமான்கள் ஒரு டப்பாவில் இருந்தன. வந்ததிலிருந்து யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க ஓர் ஆள் வந்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

வைத்தியம் இதுதான். தொடை சேரும் இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே ஓடும் ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய டியூபை நுழைத்து, எக்ஸ்ரேத் திரையில் பார்த்தபடியே இடுப்புக்குள் புடைத்திருக்கும் குழாய்வரை தள்ளிக்கொண்டு போவது. போனதும் டியூப் வழியாகச் சின்னச் சின்னக் கம்பிச் சுருள்களை அங்கே இறக்கிவிடுவது. சுருள்களில் நூல் பிசிறுகள் இருக்கும். மாதையனுக்கு இது விளங்கவில்லை. கம்பிச் சுருள் எப்படி ரத்தத்தை நிறுத்தும், சல்லடை தண்ணீரை நிறுத்துமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டருக்குப் பாலக்கோட்டுப் பக்கத்தில், ஞாயிறு கோயிலுக்கும் மற்ற நாள் வயலுக்கும் போகும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அவர் சொன்னாராம்:

"வாய்க்கால் ஒடைஞ்சா எங்கப்பா என்ன பண்ணுவாருன்னா, கருவேல முள்ள ஒரு கட்டு வெட்டி ஒடப்புல போடுவாரு. மேல ரெண்டு பிடி வைக்கோலு. அவ்வளவுதான். முள்ளு தண்ணிய நிறுத்தாது மாதையா. முள்ளுல வைக்கோல் சிக்கும், வைக்கோல்ல சேறு சிக்கும். அப்புறம் தண்ணியே கொண்டாந்த சேத்தால தண்ணி அடைஞ்சுக்கும். ரத்தமும் அப்படித்தான் உறையும்."

"அப்புறம் அந்தப் பக்கம் பயிரு காஞ்சு போகாதுங்களா?"

"வலப்பக்கத்து வாய்க்கால்லேருந்து கொஞ்சம் கசிஞ்சு வரும். கொஞ்ச நாளைக்கு நடந்தா பிட்டம் வலிக்கும். பொறுத்துக்கோ."

வைத்தியம் நடந்தபோது மாதையன் விழித்தபடியே படுத்திருந்தார். திரும்பி வந்து எங்கள் எல்லோருக்கும் சொன்னார்: "டீவில என் வவுத்துக்குள்ளாற சாரைப்பாம்புக் குட்டியாட்டம் ஒண்ணு போவுதுங்க. அத நானே பாத்துட்டு இருக்கறேன். அஞ்சு சுருளு போட்டாங்க. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." தொடையோரம் கொசு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. அதுவும் பத்து நாளில் மறைந்துவிட்டது. டாக்டர் மறுபடியும் விரல் விட்டுப் பார்த்தார். அடிக்கவில்லை. பிட்டத்தில் வலி இருந்தது. தெருமுனை போவதற்குள் இரண்டு தடவை நின்றார். அதுவும் மெல்லக் குறைந்தது. விடுப்பு எடுத்து எழுபத்திரண்டு நாள் கழித்து மாதையன் ரோலரில் ஏறி உட்கார்ந்தார்.

வைத்தியம் இங்கே முடிந்தது. அலுவலகம் இங்கே தொடங்கியது.

அறுபது நாளுக்கு மேல் எடுத்த மருத்துவ விடுப்பை மருத்துவக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அது சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்ததாக ஆகும். முப்பது வருட வேலையும் வரப்போகும் ஓய்வூதியமும் அதோடு போகலாம். குழுவில் மூன்று பேர். ஒருவர் கண் டாக்டர், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் தலைவர். பெரிய ஆஸ்பத்திரியின் சீட்டில் ரத்தக்குழாய் சிகிச்சை என்று இருந்தது. மாதையன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். மூவரும் குனிந்து தேடினார்கள்.

"எங்கய்யா வெட்டு?"

"வெட்டலீங்க. உள்ளாறயே போயி அடைச்சுட்டாங்க."

"வெட்டாம எப்படிய்யா உள்ள போவாங்க?"

மாதையன் முள், வைக்கோல், சேறு என்று வாய்க்கால் கதையை முழுவதும் சொன்னார். அது அவருக்கு உதவவில்லை. எக்ஸ்ரே படத்தில் சுருள்கள் தெளிவாகத் தெரிந்தன. அதைப் பார்த்த கண் டாக்டர், ஏதோ ஸ்பிரிங்கை விழுங்கியிருக்கிறார் என்று அபிப்பிராயப்பட்டார். மாதையனைச் சென்னைக்கு அனுப்பியது எங்கள் ஆஸ்பத்திரி என்பதால், குழுவின் ஆணை பத்து நாளில் என் மேஜைக்கு வந்தது. மனுதாரர் அடுத்த கூட்டத்தில் அறுவை சிகிச்சைத் தழும்புடன் நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் விடுப்பு நிராகரிக்கப்படும்.

நான் அதை டாக்டரிடம் கொண்டுபோனேன். நான் பதினெட்டு வருடமாகக் கோப்புகளோடு வாழ்பவன். கோப்பு என்ன கேட்கிறதோ அதைக் கொடுத்தால் அது தூங்கிவிடும் என்பது என் அனுபவம். "சார், தோலுல மட்டும் ஒரு கீறல். மூணு தையல். கேஸ் முடிஞ்சுடும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அன்றுதான் அவருக்கு வயதாகிவிட்டது எனக்குத் தெரிந்தது.

"இங்க வெட்டப் பாத்தாங்க, நிறுத்தினேன். மெட்ராசுல வெட்டப் பாத்தாங்க, நிறுத்தினேன். இப்ப ஒடம்புல ஒண்ணுமில்லாதப்ப நானே வெட்டவா? வெட்டாம பொழைச்சதுக்கு வெட்டித்தான் சாட்சி காட்டணுமா?"

காகிதம் வாங்கித் தன் கையாலேயே ஒரு சான்றிதழ் எழுதினார். "இவர் உடலில் எங்கும் வெட்டப்படவில்லை. வெட்டாததால் உயிரோடு இருக்கிறார். தழும்பு இல்லாததே சிகிச்சை சரியாக நடந்ததற்கு அத்தாட்சி." கையெழுத்து, தேதி, முத்திரை. அதைக் குழுவுக்கு அனுப்பினேன். அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். எழுதியபின் பேனாவை மூடாமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் மாதையனும் மாதம்மாவும் வந்தார்கள். ஆணையைப் படித்துக் காட்டினேன். மாதம்மா கேட்டுவிட்டு, "தழும்பு எங்க விக்கறாங்க சாமி? சொன்னா வாங்கியாந்துடறோம்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார்.

வராந்தாவின் கோடியில் ஜபார் பாயின் கட்டுப் போடும் அறை இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தேன். மாதையனும் அந்தப் பக்கம் பார்த்தார். நான் செய்தது அவ்வளவுதான். என் பங்கு என்று மேலே எழுதியது இதைத்தான்.

ஐந்தாறு நாள் கழித்து மாதையன் டாக்டரின் அறைக்கு வந்தார். நான் ஒரு கையெழுத்துக்காக நின்றிருந்தேன். ஜபார் பாய் தட்டோடு நின்றிருந்தார். மாதையன் சட்டையைத் தூக்கினார். மூன்றரை அங்குலத்துக்கு ஒரு கீறல். அதன் மேல் வரிசையாக ஐந்து தையல். டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். சீழ் இல்லை.

"யாருப்பா போட்டது?"

மாதையன் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தைப் பார்த்தார். ஜபார் பாய் தட்டைப் பார்த்தார். நான் கையெழுத்து வாங்க வந்த தாளைப் பார்த்தேன்.

"முடிச்செல்லாம் ஒரே பக்கமா விழுந்திருக்குது" என்றார் டாக்டர். "நல்ல கை. இந்த ஜில்லாவுல இப்படிப் போடற ஆளு ஒருத்தர்தான்." பிறகு கத்தரிக்கோல் கேட்டு, ஐந்து தையலையும் ஒவ்வொன்றாகத் தானே பிரித்தார். அந்தத் தையல்களைப் பிரித்த அளவுக்கு மெதுவாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஸ்பிரிட்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "எல்லாஞ் சரி மாதையா. வீக்கம் எடப்பக்கமில்ல இருந்துச்சு? இது வலப்பக்கம்" என்றார்.

"ஆப்பரேசன்னா எல்லாத்துக்கும் வலப்பக்கந்தானுங்க சார் இருக்குது."

டாக்டர் சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தாளை நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றி எங்கள் இருவரிடமும் அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை ஜபார் பாயைத் தவிர வேறு யாரையும் தையல் போட விட்டதும் இல்லை.

சென்ற புதன்கிழமை அடக்கத்துக்குச் சேலம் போகும் பஸ்ஸில் ஜபார் பாய் கேட்டார்: "ஏனுங்க, நீங்கதான் கண்ணக் காட்டினீங்கன்னு சாருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் மொதல்ல நமக்குச் சொல்லச் சொன்னாரு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். பஸ் தொப்பூர் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மூன்று வரிச் சான்றிதழ் ஒன்றுதான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பார்கள். மருத்துவக் குழு அதை எனக்கே திருப்பி அனுப்பியிருந்தது. தழும்பு குறித்த பதிவுக்கு முரணாக இருப்பதால் கோப்பில் சேர்க்க இயலவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். குழு அந்த மாதம் மூன்றாம் வியாழக்கிழமை கூடியது. வலது அடிவயிற்றில் தழும்பு, மூன்றரை அங்குலம், நன்றாக ஆறிவருகிறது என்று பதிவு செய்தது. மாதையனின் எழுபத்திரண்டு நாளும் மருத்துவ விடுப்பாக அனுமதிக்கப்பட்டன.